வலப்பக்க நெஞ்சுவலி: வாயு என்று விட்டுவிடலாமா?



திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது மார்பில் தட்டிக்கொள்கிறோம். நம்மில் பலருடைய கை அப்போது தானாகவே இடப்பக்கம் போகும். இதயம் அங்கேதான் இருக்கிறது என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் இதயம் இருப்பது ஏறக்குறைய நெஞ்சின் நடுவில், மார்பெலும்புக்குப் பின்னால். அதன் நுனிதான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு சிறு பகுதி மார்பெலும்பைத் தாண்டி வலப்பக்கமும் எட்டிப் பார்க்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "வலி வலப்பக்கம்தானே, இதயம் அந்தப் பக்கம் இல்லையே, வாயுப்பிடிப்பாக இருக்கும்" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், முதுகில் தைலம், பிறகு படுக்கை. பல நேரங்களில் காலையில் வலி போயும் விடுகிறது. அப்படிப் போய்விட்ட அனுபவம்தான் அடுத்த முறை நம்மை ஏமாற்றுகிறது.

வலப்பக்க மார்பில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். தோல், தசை, விலா எலும்புகள், அவற்றின் ஊடே ஓடும் நரம்புகள். உள்ளே வலது நுரையீரலும், அதைச் சுற்றி மெல்லிய உறையும். அடியில் உதரவிதானம். அதற்கும் கீழே, வயிற்றில் இருந்தாலும் விலா எலும்புகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் கல்லீரலும் பித்தப்பையும். இவற்றில் எது நோவுற்றாலும் நாம் சொல்வது ஒரே வார்த்தை: நெஞ்சு வலிக்கிறது.

அதிகம் பயப்பட வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டை தூக்கியது, தண்ணீர்க் குடம் சுமந்தது, நாள்கணக்கில் இருமியது ஆகியவற்றால் விலா இடுக்குத் தசை பிடித்துக்கொள்ளலாம். விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி வரலாம். இத்தகைய வலியை ஒரு விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடியும். அழுத்தினால் கூடும், திரும்பிப் படுத்தால் கூடும். ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், சில நாள்கள் போதும். ஆனால் கீழே விழுந்து அடிபட்ட பின் வந்த வலி என்றால் விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது, குறிப்பாக வயதானவர்களுக்கு.

அக்கியும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கொப்புளம் வருவதற்குச் சில நாள்கள் முன்பே உடலின் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டை போல, எரிச்சலோடு வலிக்கும். சட்டை உரசினாலே தாங்காது. பிறகுதான் கொப்புளங்கள் தெரியும். நம் ஊர்களில் உடனே அக்கி எழுதப் போவார்கள். காவி மண் பூசுவதால் அந்தக் கிருமி போவதில்லை. இது சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ். பல ஆண்டுகள் நரம்பில் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்கிறது. கொப்புளம் தோன்றிய மூன்று நாள்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். தள்ளிப்போட்டவர்களில் சிலர், தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலியோடு வாழ்கிறார்கள்.

நுரையீரலுக்கு வருவோம். மூச்சை இழுத்தால் கத்தியால் குத்துவது போல வலி, மெதுவாக மூச்சு விட்டால் குறைவு; இது பெரும்பாலும் நுரையீரல் உறையின் வலி. காய்ச்சலும் சளியும் சேர்ந்தால் நிமோனியாவை நினைக்க வேண்டும். வலது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழல், இடப்பக்கத்தைவிடச் சற்று அகலமானது, நேரானது. அதனால் தவறி உள்ளே போகும் எதுவும் பெரும்பாலும் வலப்பக்கமே போய்ச் சேர்கிறது. குழந்தை விழுங்கிய நிலக்கடலை, சீத்தாப்பழ விதை, படுத்தபடியே பாட்டிக்கு ஊட்டிய கஞ்சி, எல்லாம்தான். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனப் புரையேறி இருமி, பிறகு சரியாகிவிட்டது போலத் தெரிந்து, சில நாள் கழித்துக் காய்ச்சலோடு இளைத்தால், அந்தப் புரையேறிய சம்பவத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் உட்கார வைத்து ஊட்டுங்கள். ஊட்டியதும் படுக்க வைக்காதீர்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் பேசாமல் இருக்க முடியாது. ஒரு பக்க நெஞ்சுவலி, மாலையானால் லேசான காய்ச்சல், பசியின்மை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். நுரையீரல் உறைக்குள் காசநோயால் நீர் கோத்திருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். வெட்கப்பட்டு மறைப்பதால் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது பரவுகிறது.

நேரம் கடத்தக் கூடாத இரண்டு நுரையீரல் ஆபத்துகள் உண்டு. ஒன்று, நுரையீரலில் சிறு ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்து, நுரையீரல் பலூன் போலச் சுருங்கிவிடுவது. உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் இது திடீரென வரும். மற்றொன்று, கால் நரம்பில் உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரல் குழாயை அடைப்பது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பிரசவமானவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், மணிக்கணக்காக உட்கார்ந்தே பயணம் செய்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்து, பிறகு மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால், அது காத்திருக்கும் நோய் அல்ல.

இனி பித்தப்பை. திருவிழா விருந்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது போல வலி. முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் இருந்து அடங்குகிறது. பித்தப்பைக் கல்லின் வழக்கமான நடை இது. இதைத்தான் நாம் வருடக்கணக்கில் "கேஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வயிற்றில் உள்ள வலி தோளில் எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்தில் தொடங்குகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் அதே இடத்துக்கே போகிறது. மூளைக்கு விலாசம் குழம்பிவிடுகிறது. வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மஞ்சள் இவற்றில் எது சேர்ந்தாலும் அன்றே மருத்துவமனை போக வேண்டும். கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும், காய்ச்சலும் அடிக்கும். அசுத்தமான தண்ணீரால் வரும் அமீபா இதற்கு ஒரு காரணம். மது அருந்தும் ஆண்களுக்கு அதிகம். ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் மருந்திலேயே ஆறும்.

மாரடைப்பைக் கடைசியில் வைத்தேன். அது அரிதானது என்பதால் அல்ல. மாரடைப்பு வலி பலருக்கு நடுநெஞ்சில் பாரம் வைத்தது போல இருக்கும். ஆனால் அது வலது தோளுக்கும் வலக்கைக்கும் தாடைக்கும் பரவலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் வலியே தெளிவாக இல்லாமல் மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். குடும்பத் தலைவி வியர்த்துக் களைத்து உட்கார்ந்தால் "சமையல் வேலை அதிகம்" என்று நாமே காரணம் சொல்லிவிடுகிறோம். அவர்களும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் வலியைச் சொல்வார்கள்.

ஆகவே எப்போது ஓட வேண்டும்? ஓய்வெடுத்தும் கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பாரமான வலி, வலியோடு குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், சளியில் இரத்தம், உதடு நீலம் பூப்பது, திடீரென ஒரே நொடியில் தொடங்கிய கடும் வலி. இவற்றுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வியே தேவையில்லை. படி ஏறும்போது வந்து நின்றால் அடங்கும் வலிக்கும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அது புதிதாகத் தொடங்கியிருந்தாலோ அடிக்கடி வந்தாலோ அன்றே பாருங்கள்.

தமிழகத்தில் 108-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. இலங்கையில் 1990. நோயாளியை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். வழியில் மயங்கினால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டில் இருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைக்கவும் வேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடக் கூடும். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால் அதையும் நினைவில் வையுங்கள்.

மருத்துவமனையில் முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், வலி நிற்காவிட்டால் அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். சில மாரடைப்புகள் முதல் படத்தில் தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். போகும்போது சாப்பிட்டுவரும் மாத்திரைச் சீட்டுகளையும், பழைய ஈசிஜி இருந்தால் அதையும், கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.