கடல் வழிவிட்டால்தான் கால் வைக்கலாம்

பினாங்குக்குப் பாலம் இருக்கிறது. பங்கோருக்கு ஃபெர்ரி இருக்கிறது. தீவு என்றால் பாலம் அல்லது படகு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால், கடல் தானாக விலகி வழிவிடும் நேரத்தில் மட்டும் நடந்தே போகக்கூடிய தீவுகளும் உலகில் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக் கூட்டத்தில் இருக்கும் பிரோக் ஆஃப் பர்சே அப்படிப்பட்ட ஒன்று.

இது மிகச் சிறிய தீவு. பரப்பளவு ஏறத்தாழ 21 ஹெக்டர். குடியிருப்போர் யாரும் இல்லை. கடை கண்ணியும் இல்லை. எதிரே உள்ள பெரிய தீவின் கரையிலிருந்து சுமார் 240 மீட்டர் தூரம், ஐந்து நிமிட நடை. கடலடிப் பாறைகளின் மேல் போடப்பட்ட குறுகலான சிமெண்ட் பாதை ஒன்று இரண்டையும் இணைக்கிறது. பகலும் இரவும் பெரும்பகுதி நேரம் அந்தப் பாதை தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.

இங்கே போக விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது வரலாற்றுப் புத்தகத்தை அல்ல, ஓத அட்டவணையை. நிலவின் ஈர்ப்பாலும், ஓரளவு சூரியனின் ஈர்ப்பாலும் கடல் நீர் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். ஒரு முறை நன்றாக வற்றிய நீர் ஏறி, மறுபடியும் வற்றுவதற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் இன்று காலை 10 மணிக்கு நீர் வற்றினால், நாளைக் காலை 10.50 அளவில்தான் வற்றும். நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பி இன்று போக முடியாது. பொதுவாக, நீர் மிகவும் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் பாதை வெளியே தெரியும். ஆக மொத்தம் நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரமும் எல்லா நாளும் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். அரை நிலா தெரியும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அவ்வளவாக வற்றாது. அட்லாண்டிக் பக்கமிருந்து பலமான காற்று வீசினால், வற்ற வேண்டிய நீரையும் அது கரையோடு தள்ளி வைத்துவிடும்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சில ஓத அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே அச்சாகின்றன. கோடையில் பிரிட்டனின் கடிகாரங்கள் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். எனவே அட்டவணை நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஏற்கெனவே கோடை நேரத்துக்குத் திருத்திய அட்டவணையோடு இன்னொரு மணியையும் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? வழி மூடிய பிறகுதான் திரும்பி வருவோம். சின்னத் தவறுதான், ஆனால் ஆபத்தான தவறு. அட்டவணையின் ஓரத்தில் எந்த நேரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுப் போனால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பாதை முடிந்து மேடேறியதும் கற்சுவர்கள் தென்படும். சுமார் 7, 8ஆம் நூற்றாண்டுகளில் இங்கே பிக்ட் இன மக்கள் வாழ்ந்தார்கள். ஸ்காட்லாந்தின் வட பகுதிகளை ஆண்ட பழங்குடியினர் அவர்கள். உலோகத்தை உருக்கி வார்த்து அழகிய உடை ஊசிகள் செய்ததற்கான அச்சுகள் இங்கே கிடைத்துள்ளன. அவர்கள் செதுக்கிய ஒரு கல்லில், ஈட்டியும் கேடயமும் ஏந்திய மூன்று வீரர்கள் வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் போகிறவரின் சுருள் முடியும் சிறப்பான உடையும் அவர் தலைவர் என்பதைக் காட்டுகின்றன. மேலே ஒரு விநோத விலங்கு. வளைந்த மூக்கைப் பார்த்துவிட்டு அதை 'நீந்தும் யானை' என்று சொல்வோரும் உண்டு. யானையே இல்லாத நாட்டில் யானை எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்! அது என்ன விலங்கு என்று இன்றுவரை முடிவாகவில்லை. மூலக் கல் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீவில் நிற்பது அதன் நகல்.

9ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வைக்கிங்குகள் வந்தார்கள். அவர்கள் கட்டிய நீள வீடுகளின் அடித்தளங்கள் சரிவில் வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் அடுப்பு, இரு பக்கமும் உட்காரவும் படுக்கவும் திண்ணை, கழிவு நீர் ஓடக் கல் வடிகால். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு குடும்பம் வாழ்ந்த முறையே கண்முன் வரும். கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1065 வாக்கில் இறந்த தோர்ஃபின் என்ற வலிமைமிக்க ஆர்க்னிப் பிரபு, பர்சேயில் ஒரு தேவாலயம் எழுப்பியதாகப் பழைய வரலாற்றுக் கதை கூறுகிறது. அது இந்தத் தீவிலா, எதிர்க்கரைக் கிராமத்திலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

ஆர்க்னி ஸ்காட்லாந்தின் கைக்கு வந்த கதையும் சுவையானது. 1468இல் டென்மார்க், நார்வே நாடுகளின் மன்னர் முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டின் சீதனப் பணத்தைக் கொடுக்க முடியாமல் இந்தத் தீவுகளை அடகு வைத்தார். மீட்கவே இல்லை.

இடிபாடுகளைப் பார்த்ததும் திரும்பிவிடக் கூடாது. நிலம் மேற்கு நோக்கி மெல்ல உயர்ந்து, 40 மீட்டருக்கும் மேற்பட்ட செங்குத்துப் பாறையாகக் கடலில் முடிகிறது. உச்சியில் 1925இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். அதை அமைத்த டேவிட் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' நாவலாசிரியரின் பெரியப்பா மகன். கோடையின் முற்பகுதியில், வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகளைப் பாறை விளிம்பில் காணலாம். தெற்கே மார்விக் முனையில் ஒரு கற்கோபுரம் தெரியும். 1916 ஜூன் 5ஆம் தேதி, ரஷ்யாவுக்குப் புறப்பட்ட ஹாம்ஷயர் போர்க்கப்பல் ஜெர்மானியக் கண்ணிவெடியில் சிக்கி அந்தக் கடலில்தான் மூழ்கியது. 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பிழைத்தவர் 12 பேர் மட்டுமே. இறந்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிட்சனர் பிரபு, 1902 முதல் 1909 வரை இந்தியாவில் படைத் தளபதியாக இருந்தவர்.

பாறை விளிம்பில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கடல் இந்தத் தீவை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கரையோரத்தில் இருந்த பழைய கட்டடங்கள் சிலவற்றின் ஒரு பகுதி ஏற்கெனவே அலையோடு போய்விட்டது. எஞ்சிய சுவர்களின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது கடலின் வேலையைச் சுலபமாக்கும் காரியம்.

நேரத்தைப் பொறுத்தவரை, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே தீவுக்குப் போய்விட வேண்டும். பாதை தெரிந்த உடனே கடந்தால் முழு நேரமும் கையில் இருக்கும். ஏறிக்கொண்டிருக்கும் நீரைப் பார்த்துக்கொண்டே "பத்து நிமிடத்தில் வந்துவிடலாம்" என்று கிளம்பக் கூடாது. ஆர்க்னியில் ஜூன் மாதச் சூரியன் இரவு 10 மணி தாண்டித்தான் மறையும் என்பதால் மாலை வற்றத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். குளிர்காலத்தில் பகல் ஆறு மணி நேரம்தான். நீர் வற்றும் வேளை இருட்டில் வந்துவிட்டால் அன்றைக்குப் பயணம் வேண்டாம்.

பாதையில் கடற்பாசி வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். கோடையிலும் குளிர்காற்று அடிக்கும் என்பதால் கனமான மேலுடை ஒன்று பையில் இருக்கட்டும். யாராவது மாட்டிக்கொண்டால், முழங்கால் அளவுதானே என்று தண்ணீரில் இறங்கவே கூடாது. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், குளிர் சில நிமிடங்களில் கை காலை மரத்துப்போகச் செய்யும். தீவிலேயே தங்கி, 999 எண்ணுக்கு அழைத்துக் கரையோரக் காவல் படையைக் கேட்க வேண்டும். அழைக்க முடியாவிட்டால் காத்திருப்பதுதான் வழி. பாதை மறுபடியும் தெரிய எட்டு மணி நேரம் ஆகும்.