வாசல் நிறைய விளக்கு, மனசு நிறைய நிம்மதி!

ஒரகடத்தில் நாங்கள் இருப்பது இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு. என் கணவருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், கார் உதிரி பாகங்கள் செய்யும் பாக்டரியில் ஷிப்ட் வேலை. கார்த்திகை வந்துவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். டி.வி.யில் திருவண்ணாமலை மகாதீபம் தெரிந்ததுமே ஜன்னல் விளிம்பு, செருப்பு ஸ்டாண்டு, மாடிப்படி என்று ஓர் இடம் விடாமல் அகல் வைத்துவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை அது. அவருக்கு இரண்டாவது ஷிப்ட். ஆறு வயசு மகளுக்குப் பளபளவென்று பாலியஸ்டர் பாவாடை கட்டிவிட்டிருந்தேன். மாடிப்படி விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, "அம்மா!" என்று ஓர் அலறல். பாவாடை ஓரத்தில் தீ! பயத்தில் குழந்தை ஓட ஓட, அது மேலே ஏறுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மாமியார்தான் ஜமக்காளத்தை உருவி, அவளைச் சுற்றித் தரையில் உருட்டி அணைத்தார்.

எதிர்வீட்டம்மா பற்பசையோடு ஓடிவந்தார். நானும் தடவத்தான் போனேன். மாடியில் குடியிருக்கும் பெண், அவளும் பாக்டரி வேலைதான், தடுத்தாள். "வேண்டாம் அக்கா! குழாயடிக்குத் தூக்கிட்டு வாங்க!" கொலுசைக் கழற்றிவிட்டு, காலில் இருபது நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டாள். அவர்கள் பாக்டரியில் சொல்லிக்கொடுத்த முதலுதவியாம். "தண்ணி விட்டதாலதான் ஆழமாப் போகலை" என்றார் டாக்டர். இன்றும் கணுக்காலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பு இருக்கிறது.

இரவு வந்த என் கணவர் குழந்தையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வெல்டிங் பண்ற இடத்துல ஒரு துண்டுத் துணி கிடக்க விடமாட்டாங்க. பக்கத்துலயே மணல் வாளி இருக்கும். நம்ம வீட்ல என்ன இருந்தது?" சுருக்கென்றது எனக்கு.

அதற்காக விளக்கைக் குறைத்துவிடவில்லை. வைக்கும் விதத்தைத்தான் மாற்றினேன்.

அகல்களை வாசல் கோலத்தின் நடுவில், மணல் பரப்பிய தாம்பாளங்களில் வைக்கிறேன். ஜன்னலில் கிடையாது, அங்கே நைலான் கொசுவலை இருக்கிறதே! அங்கே பாட்டரியில் எரியும் குட்டி விளக்குகள் போதும். மாடிப்படி நடக்கிற வழி. அங்கேயும் அகல் வைப்பதில்லை. நிலைப்படித் திரையைக் கழற்றிவிடுகிறேன். காகிதத் தோரணம், தெர்மோகோல் அலங்காரத்துக்குப் பதில் மாவிலையும் சாமந்தியும். உருளியில் தண்ணீர் விட்டுப் பூவோடு மிதக்கும் விளக்கு வைத்தால் கூடம் எத்தனை அழகு தெரியுமா!

புது அகலை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் எண்ணெய் குடிக்காது. ஏற்றும்போது எட்ட இருக்கும் விளக்கில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து வாருங்கள். எரிகிற விளக்கைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிராது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு உடம்போடு ஒட்டிய பருத்தி உடைதான். பருத்தியும் பற்றும், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

விளக்கு ஏற்றுமுன் சமையலை முடித்து ரெகுலேட்டரை மூடிவிடுகிறேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து வரும். விளக்கும் தரையில்தானே இருக்கிறது! கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. படுத்து உருள வேண்டும். புண்ணில் பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர்தான் மருந்து. ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

போன கார்த்திகைக்கு வாசலில் இருபத்தேழு அகல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். "இது எதுக்கும்மா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு, என் மகள் தன் கணுக்காலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கடைசி அகல் அணையும்வரை மாமியாரும் நானும் வாசலிலேயே உட்கார்ந்து பொரி உருண்டை சாப்பிட்டோம். இந்தக் கார்த்திகைக்கு நீங்களும் கோலம் போடுமுன் அந்த இரண்டு வாளியை எடுத்து வைத்துவிடுங்களேன்!