வீட்டைப் பூட்டினால் ஊளையிடும் நாய்: 'டே கேர்' உதவுமா? கம்பம் பள்ளத்தாக்கில் என்ன வழி?

கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி பக்கம் விடியற்காலை என்றாலே ஜீப் சத்தம்தான். இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறிவிடுகிறார்கள். வீடு திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் மிச்சம் நாய் மட்டும்தான். தேனி நகரத்து வாடகை வீடுகளிலும் இதே கதை. ஜீப்புக்குப் பதில் பஸ், பைக்.

சில நாய்கள் பேசாமல் படுத்துத் தூங்கிவிடும். சில நாய்களால் அது முடியாது. பூட்டுப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஊளை ஆரம்பிக்கும். கதவைப் பிறாண்டும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும், எச்சில் ஒழுகி நெஞ்சு முடியெல்லாம் நனைந்து கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் பஞ்சாயத்து காத்திருக்கும். "ஒண்ணு சங்கிலியில கட்டிப் போடுங்க, இல்லாட்டி எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கு 'டாக் டே கேர்' என்று ஒரு வழி வந்துவிட்டது. குழந்தைகள் காப்பகம் மாதிரியேதான். காலையில் விட்டுவிட்டு வேலை முடிந்ததும் கூட்டி வரலாம். ரீல்ஸில் பார்த்துவிட்டு தேனிப் பக்கமும் 'இங்கே அப்படி ஏதாவது இருக்கா?' என்று தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் தேடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. டே கேர் இந்தப் பிரச்சினையைக் குணப்படுத்தாது. குணப்படுத்துவதற்கான அவகாசத்தை வாங்கித் தரும். அதுவும் எல்லா நாய்களுக்கும் இல்லை.

நாய் பழிவாங்குகிறதா?

'நாம விட்டுட்டுப் போனதுக்கு வேணும்னே பண்ணுது' என்பதுதான் பல வீடுகளில் கேட்கும் முதல் தீர்ப்பு. கால்நடை மருத்துவர்கள் இதைச் 'செபரேஷன் ஆங்சைட்டி' என்கிறார்கள். தமிழில் பிரிவுப் பதற்றம் எனலாம். வளர்ப்பவர் கண்ணில் இருந்து மறைந்ததும் நாய்க்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொள்கிறது. பயத்தில் செய்வதைத்தான் நாம் சேட்டை என்று நினைக்கிறோம்.

ஹங்கேரியின் புடாபெஸ்டில் யோசெஃப் டோபால் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. தாயைப் பிரியும் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க உளவியலாளர்கள் பயன்படுத்தும் அதே சோதனையை 51 நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் வைத்து நடத்தினார்கள். உரிமையாளர் அறையைவிட்டுப் போனதும் கதவருகே நிற்பது, வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது, தெரியாதவரிடம் அப்படிச் செய்யாதது என நாய்களின் நடத்தை குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. அந்தப் பிணைப்பு எல்லா நாய்க்கும் உண்டு. சில நாய்களுக்கு மட்டும் அது தாங்க முடியாத பதற்றமாக மாறுகிறது.

'அப்ப ஏன் நான் உள்ள வந்ததும் தப்பு பண்ணின மாதிரி முழிக்குது?' என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட சோதனையில், தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா, இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முழி'க்கும் சம்பந்தமே இல்லை. திட்டு வாங்கியபோதுதான் நாய் அப்படி முழித்தது. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டினால் அதே முழிதான். ஆக, காலையில் கிழித்த பாய்க்கு மாலையில் அடி கொடுத்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்கள் போவதும் பயம், வருவதும் பயம். மறுநாள் ஊளை இன்னும் கூடும்.

முதலில் போனை ஆன் பண்ணுங்கள்

குரைக்கிற எல்லா நாய்க்கும் இந்தப் பிரச்சினை என்று சொல்லிவிட முடியாது. மலையடிவார ஊர்களில் குரங்கு ஓட்டின் மேல் ஓடினாலும் நாய் குரைக்கும். இளம் நாய் பொழுதுபோகாமல் செருப்பைக் கடிக்கும். வீட்டுக்குள் சிறுநீர் போவதற்குச் சிறுநீர்த் தொற்று காரணமாக இருக்கலாம். வயசான நாய் என்றால் நீரிழிவோ மறதியோ இருக்கலாம்.

பிரித்துப் பார்க்கச் செலவில்லாத வழி வீடியோதான். பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை ஜன்னல் ஓரம் வைத்து ரெக்கார்ட் பண்ணிவிட்டு, வழக்கம்போலக் கிளம்பிப் போய் அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள நாய்க்குப் பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்: கதவுக்கும் ஜன்னலுக்கும் நடை, மூச்சிரைப்பு, எச்சில், விடாத ஊளை, வைத்த சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமை. ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து தலையணையைப் பிய்க்கிற நாய்க்குத் தேவை நடைப்பயிற்சியும் விளையாட்டும்.

வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற நாயா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்லாந்தில் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வில், சத்தத்துக்கு மிரளும் நாய்கள் 32 சதவீதம். பிரிவு தொடர்பான பிரச்சினை சுமார் 5 சதவீதம். ஒரு பயம் உள்ள நாய்க்கு இன்னொன்றும் சேர்ந்திருப்பது உண்டு. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவின் வேட்டுச் சத்தத்தில் தனியாக மாட்டிக்கொண்ட நாய்க்கு, அடுத்த முறை தனியாக இருப்பதே பயமாகிவிடலாம்.

டே கேர் எங்கே உதவும், எங்கே உதவாது?

பிரிவுப் பதற்றத்துக்கான சிகிச்சை, தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குவது. இன்று பத்து நொடி, அடுத்து முப்பது நொடி, அப்புறம் இரண்டு நிமிடம் என்று நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வர வேண்டும். இந்தப் பயிற்சி நடக்கிற வாரங்களில் நாயை நாள் முழுக்கத் தனியாக விட்டால், பத்து நொடி பத்து நொடியாகச் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும். டே கேர் பயன்படுவது இந்த இடத்தில்தான். நீங்கள் வேலைக்குப் போகிற பத்து மணி நேரம் நாய் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் பயிற்சியே நடக்காமல் டே கேருக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், என்றைக்கு அனுப்பவில்லையோ அன்றைக்கு ஊளை திரும்பிவிடும்.

இன்னொரு நுணுக்கம், பலரும் கவனிக்காதது. சில நாய்களுக்குத் தனிமைதான் பிரச்சினை. யாராவது ஒரு மனுஷர் பக்கத்தில் இருந்தால் போதும், அமைதியாகிவிடும். வேறு சில நாய்களுக்கு அந்த ஒரு ஆள்தான் வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் அம்மா வெளியே போனால் அழும். முதல் வகைக்கு டே கேர் நன்றாக ஒத்துவரும். இரண்டாவது வகை நாயைக் கொண்டுபோய் விட்டால், நம் வீட்டில் கேட்ட ஊளை அங்கே கேட்கும், அவ்வளவுதான். எந்த வகை என்று தெரிய, தெரிந்தவர் ஒருவரை நாயோடு உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் வந்தால் போதும். 'துணைக்கு இன்னொரு நாய் வாங்கிட்டா சரியாயிரும்' என்ற யோசனை பெரும்பாலும் பலிக்காததும் இதனால்தான். அது தேடுவது நாயை அல்ல, ஆளை.

கூட்டம் பிடிக்காத நாய்களும் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் சொந்த இனமான கோம்பை நாயையே எடுத்துக்கொள்ளலாம். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி, வீட்டாரிடம் உயிராக இருக்கும், அந்நியரை அண்ட விடாது. காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனம். இருபது நாய்கள் குதிக்கிற ஹாலில் கொண்டுபோய் விட்டால் அதற்கு விளையாட்டாகத் தெரியாது, ஊடுருவலாகத்தான் தெரியும். லேப்ரடார் சந்தோஷமாகச் சுற்றிவருகிற இடத்தில் கோம்பை மூலையில் நின்று உறுமலாம். இதில் நாயின் மேல் தப்பில்லை.

மதுரை, கோவை என்று வெளியூரில் டே கேரில் விடுவதாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ரேபீஸ், டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கிறார்களா? கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் இடம் என்றால் அங்கிருந்து அப்படியே திரும்பிவிடலாம். பார்வோவும் உண்ணிக் காய்ச்சலும் அங்கிருந்துதான் வீட்டுக்கு வரும். நாள் முழுக்க ஆள் கூடவே இருக்கிறார்களா, அல்லது கூண்டில் அடைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா? கூண்டில் அடைப்பது என்றால் பூட்டிய வீட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முதல் நாளே முழு நாள் விடாமல் ஒரு மணி நேரம், அரை நாள் என்று ஆரம்பிக்கிற இடம் நல்லது.

திண்ணையும் தோட்டமும்

தினக்கூலி வாங்குகிற வீட்டுக்கு டே கேர் கட்டணம் கட்டுப்படியாகாது என்பது வெளிப்படை. ஆனால் டே கேர் செய்கிற வேலையில் பாதியைச் செய்ய இந்த ஊர்களில் ஆள் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு வேலைக்குப் போகாமல் திண்ணையில் இருக்கும் அப்பத்தாவோ தாத்தாவோ உண்டு. தனிமைதான் பிரச்சினை என்று தெரிந்த நாய்க்கு அந்தத் திண்ணையே போதும். இரண்டு மூன்று வீட்டார் முறைபோட்டுக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். நாய்க்கு ரேபீஸ் ஊசி வருஷம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், பெரியவர் பக்கத்தில் இல்லாமல் நாயோடு விடவே கூடாது.

பார்த்துக்கொள்கிறவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது: திராட்சை கொடுக்காதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கம் திராட்சை இல்லாத வீடு குறைவு. ஆனால் நாய்க்குத் திராட்சையும் உலர் திராட்சையும் விஷம். முதலில் வாந்தி, பிறகு ஓரிரு நாளில் சிறுநீரகமே செயலிழக்கலாம். எவ்வளவு வரை பாதுகாப்பு என்று அளவு கிடையாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய இருக்கிறது. ஆகவே பாசத்தில் வைக்கிற புளிச்சோறும் வேண்டாம்.

சொந்தத் தோட்டம் உள்ளவர்கள் நாயைக் கூடவே கூட்டிப்போகிறார்கள். பிரிவுப் பதற்றத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நகரத்தில்கூடக் கிடைக்காது. மருந்தடிக்கிற நாட்களில் மட்டும் வேண்டாம். பூச்சிக்கொல்லி பட்ட புல்லில் புரண்டுவிட்டு நாய் தன் காலை நக்கினால் போதும், வேறு விபரீதம் ஆகிவிடும்.

சங்கிலி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

பதறுகிற நாயைச் சங்கிலியில் கட்டினால் பதற்றம் போகாது. ஓட முடியாததால் கூடும். கழுத்து அறுபட, பல் உடையக் கடித்து இழுக்கும். 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வளர்க்கிற நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் அதே பிரிவில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பசி தாகத்தில் வாட விட்டு நாயைக் கைவிடுவதும் குற்றம்தான். 'கொண்டுபோய் விட்டுட்டு வாங்க' என்கிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது இன்னும் அப்படியே கிடக்கிறது. இரண்டு பேர் டீ, வடை சாப்பிட்டால் முடிந்துவிடும் தொகை.

ஜீப் வருவதற்குள் என்ன செய்ய முடியும்?

பயிற்சிக்கு லீவு போட வேண்டியதில்லை. நாய் பதறத் தொடங்குவது பெரும்பாலும் நாம் கிளம்பும் சைகைகளைப் பார்த்துத்தான்: தூக்குச்சட்டி மூடும் சத்தம், சாவி, செருப்பு. வீட்டில் இருக்கிற மாலை நேரத்தில் சாவியை எடுத்துவிட்டு அப்படியே டிவி முன்னால் உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். நாளுக்குப் பத்து தடவை இப்படிச் செய்தால், சில வாரங்களில் சாவிச் சத்தத்துக்கு நாய் தலையைத் தூக்காது. அதன் பிறகே கதவுக்கு வெளியே பத்து நொடி. கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதும், வந்ததும் பெரிய வரவேற்பு கொடுப்பதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். காலையில் ஜீப் ஏறும் முன் இருபது நிமிடம் வாய்க்கால் கரை வரை நடத்திக் கூட்டி வந்தால் நாய் கொஞ்சம் அசந்திருக்கும். நடை மட்டும் பதற்றத்தைத் தீர்த்துவிடாது, பயிற்சியை எளிதாக்கும்.

ரத்தம் வரக் கதவைப் பிறாண்டுகிற, ஜன்னல் வழியே குதிக்கிற அளவுக்குப் போன நாய்க்கு மருந்தும் தேவைப்படலாம். க்ளோமிப்ரமின் 1998-லும் ஃப்ளூஆக்ஸெட்டின் 2007-லும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காக அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டன. இரண்டும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பவை, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனிதர்களுக்கும் இதே பெயரில் மாத்திரை உண்டு என்பதற்காக மெடிக்கலில் வாங்கி நாமாகக் கொடுப்பது ஆபத்து. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்திலேயே தொடங்கலாம். வீரபாண்டி அருகே தப்புக்குண்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் தடுப்பூசி அட்டையோடு அந்த அரை மணி நேர வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் உங்கள் பக்கத்தில் நிற்கும்போது நாய் சாதுவாகத்தான் இருக்கும்.