பக்கம் மாறாது, கட்டங்கள் மாறும்

ஏலக்காய் என்றதும் நினைவுக்கு வருவது நமது போடிநாயக்கனூர். முற்காலத்தில் ஏலக்கடையில் வியாபாரிகள் வாயால் விலை கூறி ஏலம் எடுத்தனர். 2007 முதல் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடந்து வருகிறது. ஏல விலைகள் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. தேதி, ஏலம் நடத்தியவர், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எனப் பட்டியல் நீளும்.

கணினித் திரையில் இந்த 7 பத்திகளும் அருகருகே அமரும். உள்ளங்கை அளவுள்ள கைப்பேசியிலோ எழுத்து சிறுத்துவிடும். அல்லது கடைசிப் பத்தி திரைக்கு வெளியே போய்விடும். கடைசியில் இருப்பது சராசரி விலை அல்லவா? அதிகபட்ச விலை, மிகச் சிறந்த ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு, தம் காய்க்கும் அதே விலை வருமென்று ஒரு விவசாயி கணக்குப் போட்டால் என்ன ஆகும்? ஆகவே, திரைக்கு ஏற்பக் கட்டங்கள் மாறி அமைவது வெறும் அழகுக்காக அன்று.

இது எப்படி நடக்கிறது? நமது காலை வழிபாட்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 7 வரிசையாக நிற்கும் மாணவியரிடம், "ஒரே வரிசையாக நில்லுங்கள்" என்கிறார் சிஸ்டர். யாரும் வீட்டிற்குப் போய்த் திரும்பி வருவதில்லை. நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. பக்கத்தை மறுபடி ஏற்றுவது, எல்லோரையும் வீட்டிற்கு அனுப்பி மீண்டும் அழைப்பது போன்றது. மலைச்சரிவில் சிக்னல் குறைந்த இடத்தில், போன பக்கம் திரும்பி வராமலே போகலாம்; பாதி நிரப்பிய படிவமும் அழிந்துவிடலாம்.

இணையப் பக்கத்தின் பொருளை எழுதுவது ஹெச்.டி.எம்.எல். தோற்றத்தைச் சொல்வது சி.எஸ்.எஸ்.; இதை 1994-இல் முன்மொழிந்தவர் ஹோக்கன் வியும் லீ. வேலை செய்ய வைப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் இதை உருவாக்கியவர் பிரெண்டன் ஐக். கட்டங்களை அமைக்கும் 'கிரிட்' முறை, 2017 மார்ச்சில் குரோம், பயர்பாக்ஸ், சபாரி ஆகிய உலாவிகளில் இடம் பெற்றது.

கிரிட்டில் எத்தனை பத்தி என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். திரையின் அகலம் குறைந்தால் 7 பத்தி ஒன்றாகட்டும் என்று விதி எழுதினால், உலாவி தானே கவனித்து மாற்றும். பொத்தானை அழுத்தி மாற்ற வேண்டுமென்றால், ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலுக்குரிய ஒரு பெயரை மட்டும் மாற்றும். உலாவி புதிய விதியைப் படித்து, அகலங்களைக் கணக்கிட்டு மறுபடி வரையும். இதற்காகத் தொலைவிலுள்ள சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. புதிய விலை தேவையானால், அந்த எண்களை மட்டும் வரவழைத்து உரிய கட்டத்தில் வைக்கலாம். இவ்வகை முறைக்கு 2005-இல் 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டவர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பத்திகள் ஒன்றாகும்போது மேலே உள்ள தலைப்புகள் பொருந்தா. ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அதன் பெயர் இருக்க வேண்டும். மேலும், கிரிட் மூலம் சராசரி விலையைக் கண்ணுக்கு முதலில் காட்டலாம். ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவி, எழுதிய வரிசையிலேயே படிக்கும். ஆகையால் எழுதும் வரிசையே முதலில் சரியாக இருக்க வேண்டும்.

பொருளை ஒழுங்காக எழுதிவிட்டு, பிறகு அழகைச் சேர்ப்போம். காண்பவர், காணாதவர் இருவருக்கும் பயன்படுவதே நாம் கற்கும் கல்வியின் பெருமை.