விஷத்துக்குப் பால் மருந்தாகுமா?

வீட்டு நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டால் பலர் முதலில் தேடுவது பாலைத்தான். பால் விஷத்தை முறிக்காது, நேயர்களே. நாய் தின்றது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டாக இருந்தால், பாலிலுள்ள கொழுப்பு நஞ்சை உடம்பில் இன்னும் கூடுதலாக ஏற்றிவிடும். துவண்டு கிடக்கும் நாயின் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போகலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்துதான்.

சரி, காபி கொடுக்கலாமா? கூடவே கூடாது. அதிலுள்ள காஃபின் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. டம்ளரில் மிஞ்சிய ஒரு வாய் காபியைவிடக் காபிப்பொடியும், ஃபில்டரில் தங்கும் சக்கையும் மோசம். சக்கையைத் தொட்டிச் செடிக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தின்ற ஓரிரு மணி நேரத்திலேயே படபடப்பு, வாந்தி, நடுக்கம், வலிப்புகூட வரலாம்.

பூனைக்குப் பால் நஞ்சல்ல. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரே போதும்.

சில எலி மருந்துகளால் ஏற்படும் ரத்தக்கசிவு சில நாள் கழித்தே வெளியே தெரியும். நாய் நன்றாகத்தானே ஓடியாடுகிறது என்று காத்திருக்காதீர்கள். மருந்தின் அட்டையையோ டியூபையோ கையோடு எடுத்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.