கடையில் வாங்க முடியாத கிட்டார்: தந்தையும் மகனும் வீட்டிலேயே செய்தனர்

1963ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். இலண்டனுக்கு அருகே ஃபெல்தமில் வசித்த பிரையன் மே என்ற 16 வயது மாணவருக்கு மின் கிட்டார் ஒன்று வேண்டும். கடையில் இருந்த நல்ல கிட்டார்களின் விலையோ அந்தக் குடும்பத்திற்கு எட்டாதது. மின்னணுத் துறையில் வேலை செய்த தந்தை ஹெரால்டு, வீட்டில் பல பொருள்களைத் தாமே செய்து பழகியவர். "வாங்க முடியாவிட்டால் என்ன, செய்வோம்" என்று இருவரும் இறங்கினர்.

வீட்டின் ஓர் அறையே பட்டறையானது. கையால் இயக்கும் கருவிகள் மட்டுமே. வேலை முடிய ஏறத்தாழ 2 ஆண்டுகள் பிடித்தன. செலவு சுமார் 8 பவுண்டு.

கிட்டாரின் கழுத்து, நூறாண்டுக்கும் மேல் பழைமையான ஒரு கணப்படுப்பின் மேல்சட்டத்திலிருந்து வந்தது. அந்த மகோகனி மரத்தில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அவற்றை அடைத்தனர். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் உதவின. தந்திகளை அசைத்து ஒலியை நெளியவைக்கும் பொறிக்கு, 1928ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு ஸ்பிரிங்குகள். அதன் கைப்பிடி, சைக்கிள் இருக்கைப் பையைத் தாங்கும் கம்பி. நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. விரல்பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த சிப்பிப் பொத்தான்கள்.

"ரெட் ஸ்பெஷல்" என்று பெயர் பெற்ற இந்தக் கிட்டாரைத்தான் குயீன் இசைக்குழுவில் பிரையன் மே ஆண்டாண்டுகளாக வாசித்தார். 2002இல் எலிசபெத் அரசியாரின் பொன்விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமீது நின்று அவர் வாசித்ததும் இதைத்தான்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

சாதாரண கிட்டாரில் மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. மின் கிட்டாரில் அந்த வேலையைத் தந்திகளுக்குக் கீழே உள்ள "பிக்கப்" தொடங்கி வைக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. கம்பிச்சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது.

பிரையன் முதலில் பிக்கப்களையும் தாமே சுற்றினார். ஆனால் தந்தியை இழுத்து வளைத்து வாசிக்கும்போது ஒலி சீராக வரவில்லை. கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்களை வாங்கிப் பொருத்தினார். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காததும் ஒரு பாடம்தான்.

கணக்கு தவறினால் சுதி தவறும்

வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. சுதி பிசகினால் மெழுகை இளக்கித் திருத்தலாம். கிட்டாரின் "ஃபிரெட்" கம்பிகளோ, மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கப்படுகின்றன. தவறினால் பலகையே வீண். ஆகவே அளவுதான் உயிர்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. தந்தியின் அதிரும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும். நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், அது 36.37 மில்லிமீட்டர். மீதி 611.63ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது 34.33. இப்படியே போனால் 12ஆவது ஃபிரெட் சரிபாதியில், அதாவது 324 மில்லிமீட்டரில், வந்து நிற்க வேண்டும். அங்குதான் மேல் சட்ஜமம் பிறக்கிறது. கணக்கைச் சரிபார்க்கவும் அதுவே வழி.

இன்னொன்று, தந்திகளின் இழுவிசை. வழக்கமான 6 தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடை அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. ஓர் ஆளைத் தொங்கவிட்டது போல. அதைத் தாங்கவே கழுத்தின் உள்ளே எஃகுக் கம்பி ஒன்று வைக்கப்படுகிறது.

மரம் காய்ந்திருக்க வேண்டும்

கணப்படுப்புச் சட்டம் நல்ல கழுத்தானதற்குக் காரணம், அது பல்லாண்டு காய்ந்து, இனி முறுக்கிக்கொள்ளாத மரமாக ஆகியிருந்ததுதான். மலேசியாவின் ஈரக் காற்றில் இது மிக முக்கியம். பச்சை மரத்தில் செய்த கழுத்து சில மாதங்களில் வளைந்துவிடும்.

உள்நாட்டு மரமான நியாத்தோ, விலை குறைந்த பல கிட்டார்களின் உடலாகப் பயன்பட்டுள்ளது. தோட்டப்புறத்தில் பாட்டன், பாட்டி சீவிய ரப்பர் மரமும் சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு நாற்காலி, மேசையாகிறது. ஆனால் வெட்டிப் போட்ட ரப்பர் மரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அதிலுள்ள மாவுச்சத்தால் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பிடிக்கும். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையே ஏற்றது. வீசப்போகும் பழைய மேசைப் பலகைகூட நல்ல தொடக்கம்.

புதிதாகத் தொடங்குவோர் கழுத்தை விலைக்கு வாங்கி, உடலை மட்டும் செய்வது நல்லது. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம். கிட்டாருக்குள் ஓடும் மின்சாரம் ஆபத்தற்றது. ஆனால் ஒலிபெருக்கியைத் திறக்கக் கூடாது. சுவிட்சை அடைத்த பிறகும் அதற்குள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

அந்தத் தந்தைக்கு என்ன ஆனது?

மகனுக்குக் கிட்டார் செய்து கொடுத்த அதே ஹெரால்டு, மகன் வானியல் ஆய்வுப் படிப்பை விட்டுவிட்டு இசைக்குப் போனபோது மனம் வருந்தினார். இருவருக்கும் இடையே பேச்சு குறைந்தது. பொழுதுபோக்காக இருக்கும்வரை மகிழ்ந்து, அதுவே பிழைப்பு என்றதும் கலங்கும் பெற்றோர் எந்த ஊரிலும் உண்டு. பின்னர் நியூயார்க்கில் பெரும் கூட்டத்தின் முன் மகன் வாசிப்பதை நேரில் கண்ட பிறகே அவர் மனம் இளகியது.

ஹெரால்டு பின்னர் காலமானார். விட்ட ஆய்வை மகன் 2007இல் முடித்து, வான இயற்பியலில் முனைவரானார். தந்தை ஆசைப்பட்ட பட்டமும் வந்தது. தந்தையும் மகனும் சேர்ந்து இழைத்த கிட்டாரும் இன்னும் ஒலிக்கிறது.