ஆடாதோடை: வேலிச்செடியும் இருமல் மருந்தும்

இராசபாளையத்தை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தேவதானத்தைப் போன்ற ஊர்களிலும், தமிழகச் சமவெளியெங்கும், இருமலுக்குக் கைமருந்தாக அறியப்பட்ட செடிகளுள் முதன்மையானது ஆடாதோடை ஆகும். ஈட்டி போல் நீண்ட இலைகளும், கீழிதழில் ஊதாக் கோடுகள் ஓடும் வெள்ளைப் பூக்களும் கொண்ட இப்புதரை, அதன் கடுங்கசப்பினால் கால்நடைகள் மேயாமல் விடுவதால், வேலியாகவும் வளர்க்கின்றனர். இலையை நீரிலிட்டு, நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்சி வடித்த குடிநீரில் சர்க்கரையோ தேனோ சேர்த்து, பாகு பதத்தில் இறக்குவதைச் சித்த மருத்துவம் மணப்பாகு என்கிறது.

உதகமண்டலத்தில் சின்கோனா பட்டையை ஆராயும் அரசு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை, அதாவது தாவரங்களில் உண்டாகும் நைட்ரஜன் அடங்கிய காரப்பொருளை, விவரித்து வெளியிட்டார். அதன் மூலக்கூறு அமைப்பை ஒட்டி ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963இல் விற்பனைக்கு வந்தது. அது உடலில் சிதைந்து உண்டாகும் அம்புராக்சாலும் பின்னர்த் தனி மருந்தாயிற்று. கெட்டிச்சளியின் பிசுபிசுப்பைக் குறைத்து எளிதில் வெளியேறச் செய்யும் இவ்விரண்டும் இன்று மருந்துக்கடைச் சிரப்புகள் பலவற்றில் உள்ளன.

எனினும், மாற்றியமைக்கப்பட்ட மூலக்கூறுக்குக் கிடைத்த சான்றை இலைக்கே உரிய சான்றாகக் கொள்வது பொருந்தாது. இலைச்சாறு இருமலைத் தணிப்பதாக விலங்காய்வுகள் காட்டியுள்ளபோதிலும், மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியனவாகவோ பிற மூலிகைகளுடன் கலந்து கொடுத்தனவாகவோ இருப்பதால், பலன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிய இயலவில்லை. மேலும், குழந்தைகளின் இருமலுக்குத் தேன் ஓரளவு பயன்படுவதாக 2018ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு கூறுவதால், தேன் சேர்த்த மணப்பாகு தரும் இதத்தில் தேனுக்கும் பங்கிருக்கலாம். இலை சேர்த்த பாகையும், இலையின்றி அதே கசப்பும் இனிப்பும் கொண்ட பாகையும் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்பிடுவதே இவ்வினாவைத் தீர்க்கும் வழி. இத்தனை பரவலாக வழங்கும் மருந்துக்கு அத்தகைய பெரிய ஆய்வு மிகவும் அவசியம்.

வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யவல்லது என்பதால் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கடும் நச்சு நோயை விளைவிக்கும் என்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது. சளியில் இரத்தம் காணும்போதும் ஆடாதோடையைக் கொடுப்பது பழைய வழக்கமாயினும், இரத்தம் கண்டாலோ இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படும் காசநோய்ச் சளிப் பரிசோதனையே முதலில் செய்யப்பட வேண்டும்.